ஊர்க் கல்லறைத் தோட்டமும் போர்வீரர் கற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கல்லறைத் தோட்டங்களைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுவது எனக்கு வழக்கம். யார் வந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு உலகப் போர்கள் தொடர்பானவை. அதற்கு முந்தைய கற்களும் நடுவில் வரும்.

எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் கல்லறை இருக்கு. அதை யார் வச்சிருப்பாங்க?

ஆண்டைப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கும். 19ஆம் நூற்றாண்டுக் கல் என்றால் குடும்பத்தாரோ, கூட வேலை பார்த்த சிப்பாய்களோ காசு சேர்த்து வைத்ததாக இருக்கும். 'சக அதிகாரிகள் எழுப்பியது' என்கிற மாதிரி ஒரு வரி அடியில் வரும். இந்தக் கற்களுக்கு ஒரே அளவும் கிடையாது, ஒரே அமைப்பும் கிடையாது. காசு இருந்தவருக்குத் தூண், இல்லாதவருக்குச் சின்னப் பலகை.

முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தவை வேறு வகை. 1917 மே மாதம் பிரிட்டனில் அரச சாசனம் பெற்றுத் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் வைத்தவை அவை. அப்போது 'இம்பீரியல்' என்று இருந்த பெயரை 1960இல் 'காமன்வெல்த்' என்று மாற்றினார்கள். ஏறத்தாழ 17 லட்சம் பேரின் கல்லறைகளையும் பெயர்களையும் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த ஆணையம் பார்த்துக்கொள்கிறது.

உள்ளே போகலாமா? யார்கிட்ட கேட்கணும்?

ஆணையத்தின் தனி வளாகம் என்றால் பார்வை நேரத்தில் யாரும் போகலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் இருப்பது அப்படிப்பட்டது. ஊர்க் கல்லறைத் தோட்டம் என்றால் சபைக்கோ பங்குக்கோ சொந்தம். பங்குத்தந்தையிடமோ கல்லறைக் கமிட்டியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். படம் எடுப்பதானால் அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். சிப்பாய் கல்லுக்குப் பக்கத்தில் போன வருடம் அடக்கம் செய்யப்பட்ட யாரோ ஒருவரின் கல்லும் இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு அது வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போகக்கூடாதாமே, ஆவி நடமாட்டம் இருக்கும்னு...?

பாம்பு நடமாட்டம் நிச்சயம் இருக்கும். பழைய பீடக் கல்லறைகளின் அடியில் விரிசல் விட்டிருக்கும், சுற்றிலும் புதர் மண்டியிருக்கும். பகலில் போங்கள், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

கல்லில பேர் இருக்கே, அப்போ ஆள் அங்கதானே இருப்பார்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கல்லறை வேறு, நினைவுச் சின்னம் வேறு. உடல் இருக்கும் இடத்தில் நிற்பது கல்லறை. உடல் வேறெங்கோ இருந்து, அல்லது கிடைக்காமலே போய், பெயரை மட்டும் வெட்டி வைத்திருந்தால் அது நினைவுச் சின்னம். டில்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அங்கே ஒருவர்கூடப் புதைக்கப்படவில்லை.

நந்தம்பாக்கத்தில் இரண்டுமே உண்டு. 1952இல் அமைத்த அந்த வளாகத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று கருதப்பட்ட சின்னச் சின்ன இடங்களிலிருந்து பலரை அங்கே கொண்டுவந்தார்கள். அதே வளாகத்தில் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் ஒன்றும் நிற்கிறது. அதில் பெயர் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியாவின் பல ஊர்களில், கன்டோன்மென்ட்களிலும் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும்தான் கிடக்கிறார்கள். அதாவது உங்கள் ஊர்ப் புதருக்குள் இருக்கும் ஒருவரின் பெயர் சென்னையில் பளிச்சென்று இருக்கலாம். உள்ளூரில் கேட்பாரற்றுக் கிடப்பதால் அவரை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

போர்க் கல்லறையில எல்லாக் கல்லும் ஏன் ஒரே அச்சா இருக்கு? ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசமே இல்லையா?

இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்ததுதான். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் கல்லிலோ சின்னத்திலோ பெயர் இருக்க வேண்டும், கல் நிரந்தரமாக இருக்க வேண்டும், ஒரே மாதிரி இருக்க வேண்டும், பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு கூடாது என்பவை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கைகள். வசதி உள்ள குடும்பம் பளிங்கு மாளிகை எழுப்ப, ஏழைத் தாயின் மகனுக்கு மண்மேடு மட்டும் என்கிற நிலை வரக்கூடாது என்ற எண்ணம். உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. இதை எதிர்த்துப் பிரிட்டனிலேயே பல குடும்பங்கள் கொதித்தன. சிலுவை வடிவக் கல் வேண்டும் என்று கேட்டார்கள். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. கடைசியில் ஆணையம் பிடித்த பிடியில் நின்றுவிட்டது.

'இனம் பார்க்காமல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அதற்கு வேலை இருக்கிறது.

அந்தக் கல்லை எப்படிப் படிக்கிறது? நம்பர், சின்னம், எழுத்து எல்லாம் என்னென்ன?

மேலிருந்து கீழாக வாருங்கள். உச்சியில் படைப்பிரிவின் முத்திரை. அதன் கீழே சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, சில கற்களில் வயது. நடுவில் மதச் சின்னம். கிறிஸ்தவருக்குச் சிலுவை, யூதருக்கு நட்சத்திரம். பிரான்சில் உள்ள இந்திய வீரர்களின் கற்களில் இந்துவுக்கு 'ஓம்' என்று தொடங்கும் தேவநாகரி வரி, முஸ்லிமுக்கு அரபு எழுத்து, சீக்கியருக்கு குருமுகி இருக்கும். கல்லின் உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38. உச்சி லேசாக வளைந்திருக்கும், மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். சூடும் ஈரமும் அதிகமான இடங்களிலும், மண் நெகிழும் இடங்களிலும் நிமிர்ந்த கல்லுக்குப் பதிலாகக் குட்டையான பீடம் வைத்து மேலே வெண்கலத் தகடு பதித்திருப்பார்கள். நாகாலாந்தின் கொஹிமாவில் உள்ள போர்க் கல்லறையில் அப்படித்தான்.

அடியில் ஒரு வரி இருந்தால் அதுதான் வீட்டார் சொன்னது. இடைவெளி உட்பட 66 எழுத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கேட்டார்கள். முணுமுணுப்பு எழுந்ததும், விரும்பினால் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். நியூசிலாந்து அரசோ, சமத்துவம் என்றால் இந்த வரியும் வேண்டாம் என்று அனுமதிக்கவே இல்லை. அந்நாட்டு வீரர்களின் கற்களில் அடிப்பகுதி வெறுமையாக இருப்பது அதனால்தான். என்னைக் கேட்டால் முழுக் கல்லிலும் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். மற்றதெல்லாம் படை சொன்னது.

முதல் போர் 1918லயே முடிஞ்சிடுச்சே, கல்லில 1920ன்னு போட்டிருக்கே? தப்பா வெட்டிட்டாங்களா?

தப்பில்லை. 1918 நவம்பர் 11இல் நின்றது சண்டை மட்டும்தான். போர் சட்டப்படி முடிந்தது 1921 ஆகஸ்ட் 31. ஆகவே 1914 ஆகஸ்ட் 4 முதல் அந்தத் தேதி வரை படையில் இருந்து இறந்தவர்களை ஆணையம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை.

குண்டடி பட்டுத்தான் சாக வேண்டும் என்பதும் இல்லை. மலேரியா, காலரா, 1918 இன்ஃபுளுவென்சா, ரயில் விபத்து எல்லாமே சேரும். நம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் போர்க்காலக் கற்களுக்குக் காரணமும் இதுதான். இங்கே போர்முனை கிடையாது, ஆனால் ஆஸ்பத்திரி உண்டு, பயிற்சி முகாம் உண்டு.

பேரே இல்லாம 'கடவுளுக்குத் தெரியும்'ங்கிற மாதிரி ஒரு வரி மட்டும் சில கல்லில இருக்கே, அது ஏன்?

உடல் கிடைத்தது, யார் என்று தெரியவில்லை. 'கடவுள் மட்டுமே அறிந்தவர்' என்ற பொருளில் அந்த ஆங்கில வரியைத் தேர்ந்து கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங், ஆணையத்தின் இலக்கிய ஆலோசகர். அவருடைய ஒரே மகன் 1915இல் பிரான்சின் லூஸ் சண்டையில் காணாமல் போனான். கிப்ளிங் சாகும்வரை மகனின் கல்லறை எது என்று அவருக்குத் தெரியாது.

படைப்பிரிவு மட்டும் தெரிந்தால் அதை வெட்டுவார்கள். பதவி மட்டும் தெரிந்தால் பதவியை. கிடைத்த தகவல் அத்தனையும் கல்லில் ஏறியிருக்கும்.

நம்மவங்களை எரிச்சிருப்பாங்களே? அப்போ அவங்களுக்குக் கல் எப்படி?

நல்ல கேள்வி. பெயர்களை ஒரு சின்னத்தில் சேர்த்து வெட்டினார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்திய வீரர்களை இங்கிலாந்தின் பிரைட்டனில் ஓர் அரண்மனையையே ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். அங்கே இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரித்தார்கள். அந்த இடத்தில் பளிங்கில் 'சத்திரி' என்ற குடை வடிவ மண்டபம் ஒன்று 1921இல் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே எரியூட்டப்பட்ட 53 பேரின் பெயர்கள் கல்லில் ஏறி அந்த இடத்துக்கு வந்தது 2010இல்தான். கொஹிமாவில் 900க்கும் மேற்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கு எரியூட்டு நினைவுச் சின்னம் தனியாக உண்டு.

பிரான்சின் நவ்-ஷபேலில் 1927இல் திறந்த சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. அசோகர் தூணை நினைவூட்டும் தூண் ஒன்று அங்கே நிற்கும்.

எங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை. பேரை எங்க தேடுறது?

ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். முதல் முயற்சியில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். ஆறுமுகமும் முருகேசனும் அந்தக் காலத்து எழுத்தரின் ஆங்கிலத்தில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். பெயரை நாலு விதமாக எழுதிப் பாருங்கள். அதிலும் அகப்படாவிட்டால் இந்தியப் படை, இறந்த ஆண்டு, படைப்பிரிவு என்று வடிகட்டிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகளில் பலவற்றில் 'இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்னாரின் கணவர்' என்று இருக்கும். அம்மா பெயர்கூட இருக்கும். ஊர்ப் பெயரை வைத்துப் பிடித்தவர்கள் உண்டு.

போனது எந்தப் பக்கம் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்தால் வேலை பாதியாகிவிடும். சிங்கப்பூர், மலாயா என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னம், 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பர்மா என்றால் தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னம். முதல் போரில் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் என்றால் பாஸ்ரா.

அந்தப் பாஸ்ரா விஷயத்துக்காகத்தான் மேலே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான அந்தச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்ற இந்தியர்கள் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கை. 2021இல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, முதல் உலகப் போரில் இறந்தும் பெயரால் குறிக்கப்படாமலோ, எந்த விதத்திலும் குறிக்கப்படாமலோ போனார்கள் என்று அது சொல்கிறது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். கொள்கை காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

எங்க ஊர் நடுவுல ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கு. 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்'னு இங்கிலீஷ்ல இருக்கு. பேரே இல்லை?

முதல் உலகப் போர் முடிந்ததும் இந்தியா முழுக்கப் பல கிராமங்களில் ஒரே வாசகத்தோடு வைத்த பலகை அது. ஆண்டு 1914-1919 என்று இருக்கும், சமாதான உடன்படிக்கை 1919இல் என்பதால். ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ பதித்திருப்பார்கள். பல இடங்களில் சுவரை இடித்துக் கட்டும்போது பலகை குப்பைக்குப் போய்விட்டது. உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதென்றால் முதல் வேலையாக ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இங்கிலாந்தில் இதே அளவுள்ள கிராமத்துக்குப் போனால் அங்கே நிற்கும் சிலுவையில் ஒவ்வொரு பெயரும் வெட்டியிருக்கும். இங்கே எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் பெயர் தேடுவது ஊர்ப் பெரியவர்கள், பட்டாளத்துக் குடும்பங்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

எங்க பாட்டன் சயாம் ரயில் போடப் போய் அங்கேயே செத்துட்டார். காஞ்சனபுரி போர்க் கல்லறையில அவர் பேர் இருக்குமா?

இருக்காது. இந்தப் பதிலைச் சொல்வது ஒவ்வொரு முறையும் சங்கடமாகவே இருக்கிறது. 1942-43இல் சயாமுக்கும், அதாவது இன்றைய தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்தார்கள். கைதிகளே ரகசியமாகப் பட்டியல் வைத்திருந்தார்கள், புதைத்த இடம் குறித்திருந்தார்கள். போர் முடிந்ததும் தேடி எடுத்து மூன்று கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் 6,900க்கும் மேற்பட்டவர்கள்.

ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்களும் இதைவிடப் பல மடங்கு செத்தார்கள். அவர்களுக்குப் பட்டியல் வைக்க ஆள் இல்லை. ஆணையத்தின் சாசனம் படையில் இருந்தவர்களுக்கானது, கூலியாகப் பிடித்துப் போனவர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. காலராவில் கொத்துக் கொத்தாகப் போனவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் தமிழர் அமைப்புகள் நடுகல் ஒன்று நாட்டியிருக்கின்றன. போகிறவர்கள் அங்கே போங்கள்.

வெள்ளைக்காரன் நம்மை அடிமைப்படுத்த வந்தவன். அவன் கல்லறையை நாம எதுக்குப் பார்த்துக்கணும்?

கோபத்தோடு கேட்பவர்களிடம் வேலூரைத்தான் சொல்வேன். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்ததும் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள், பிடிபட்ட சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஐரோப்பியச் சிப்பாய்களுக்குக் கோட்டைக்கு எதிரில் பழைய கல்லறைத் தோட்டத்தில் சமாதி உண்டு. நம் சிப்பாய்களுக்கு அன்றைக்குக் கல் வைக்க யாரையும் விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் மக்கான் சந்திப்பில் அவர்களுக்குத் தூண் எழும்பியது. இரண்டையும் பார்த்தால்தான் அந்தக் காலைப்பொழுது முழுசாகப் புரியும். ஒன்றை இடித்தால் நம் தரப்புக் கதைக்கும் ஒரு சாட்சி போச்சு.

செலவு பற்றிய கவலை என்றால், உலகப் போர்க் கல்லறைகளை ஆணையம் பார்த்துக்கொள்கிறது, உறுப்பு நாடுகள் பங்கு கொடுக்கின்றன. இந்தியாவும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய கற்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அவை சபையின் பொறுப்பு. 1976இல் லண்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கம் ஒன்று சிறு உதவித்தொகை தருவதுண்டு.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் கல்லையும் கழுவி வெள்ளையடிக்கிறோம். சிப்பாய் கல்லையும் சேர்த்து அடிச்சா தப்பா?

நோக்கம் நல்லது, ஆனால் அடிக்காதீர்கள். வருடா வருடம் ஏறும் சுண்ணாம்பு எழுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும். பத்து வருடத்தில் பெயர் இருக்காது, வெள்ளைப் பலகைதான் இருக்கும். பெயின்ட் அதைவிட மோசம். ஆணையத்தின் கல்லை எதுவும் செய்யாமல் விட்டு, கமிட்டி மூலம் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

பழைய தனியார் கல் என்றால், கமிட்டி அனுமதியோடு, வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். பித்தளைப் பாத்திர நினைப்பில் புளியும் எலுமிச்சையும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் புளிப்புப் பட்டால் கரையும். ஆசிட் பட்டு நுரைப்பதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுவார்கள், போவது கல். உடைந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பக்கத்துக் கல்லும் உதிரும். மாலை போடலாம், பூ வைக்கலாம். மெழுகுவத்தியையும் எண்ணெய் விளக்கையும் கல்லின்மேல் வைக்காமல் முன்னால் தரையில் வையுங்கள். ஊறின கறை போகாது.

எழுத்து தேஞ்சு போச்சு. மாவு தடவினா தெரியும்கிறாங்களே?

மாவு, சாக்பீஸ் எல்லாம் வேண்டாம். காலை ஏழு மணி வெயிலோ மாலை ஐந்து மணி வெயிலோ கல்லின் பக்கவாட்டில் படும்போது போய்ப் பாருங்கள். உச்சிவெயிலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் எழுத்து எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒருவர் தள்ளி நின்று நிலைக்கண்ணாடியால் வெயிலைச் சாய்வாக விழவைத்தால் அதே பலன். போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் இன்னும் துலங்கும்.

பளிங்கில் கறுப்பாக ஈய எழுத்து பதித்த பழைய கற்கள் உண்டு. எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தாலும் ஈயம் பிடித்துக்கொள்வதற்காகத் துளைத்த சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓட்டைகளின் அமைப்பு வேறு. எழுத்து மிஞ்சியிருக்கும் இடத்தோடு ஒப்பிட்டு, பொறுமையாகப் புள்ளிகளைச் சேர்த்தால் பெயர் வந்துவிடும்.

விட்டுப்போன பேரை இப்போ சேர்க்க முடியுமா? நூறு வருஷம் ஆச்சே?

முடியும். படையில் இருந்தார், மேலே சொன்ன தேதிகளுக்குள் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் ஆணையம் பரிசீலித்துச் சேர்க்கிறது. 2021 அறிக்கைக்குப் பிறகு ஆணையமே தேடும் வேலையிலும் இறங்கியிருக்கிறது. பஞ்சாபுக்கு ஒரு யோகம் அடித்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த கிராமவாரிப் பதிவேடுகளில் 3,20,000 வீரர்களின் விவரம் கிடைத்தது. நம் பக்கம் வீட்டுப் பெட்டியைத்தான் நம்ப வேண்டும்.

பென்ஷன் காகிதம், படை அனுப்பிய கடிதம், டிஸ்சார்ஜ் புத்தகம் எதுவானாலும் எடுத்து வையுங்கள். முதல் உலகப் போர் வெள்ளிப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை பூதக்கண்ணாடியில் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கே பொறித்திருக்கும். இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த வெண்கல வட்டத் தட்டும் சில வீடுகளில் உண்டு. கிட்டத்தட்ட உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு பெண்ணும் சிங்கமும் நிற்கிற படத்தோடு இருக்கும். அதில் பெயர் மட்டும்தான், பதவியோ படைப்பிரிவோ இருக்காது. ஆகவே தட்டு இறந்ததற்கு ஆதாரம், பதக்கம் யார் என்பதற்கு ஆதாரம். இரண்டும் இருந்தால் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன்னால் பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். விளிம்பு எழுத்துதான் முதலில் போகும்.